வானொலியும் ஊர் மானியமும்



மாஹிமில் உள்ள எங்கள் வீடு சிறியது. சென்ற மழைக்காலத்தில் சுவரில் நீர் கசிந்தமையால், காலஞ்சென்ற என் தந்தையாரின் பழைய மர அலமாரியை ஒழித்து வேறிடத்தில் வைக்க நேர்ந்தது. அதன் அடித்தட்டில், மஞ்சளேறிய காகிதங்களுக்கு நடுவே, கையடக்கமான ஒரு சிறு புத்தகம் கிடைத்தது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்காக அந்நாளில் தபால் நிலையத்தில் பெறவேண்டியிருந்த உரிமப் புத்தகம் அது. ஏடுதோறும் தபால் நிலைய முத்திரை. ஆண்டுதோறும் பதினைந்து ரூபாய் கட்டியதற்கான அடையாளம். ஓர் ஆண்டையும் என் தந்தையார் தவறவிடவில்லை.

அன்று செம்பூரிலிருந்து என் தமக்கையின் மகன் வந்திருந்தான். தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பார்க்கும் இளைஞன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “ரேடியோ கேட்பதற்கு அரசாங்கத்துக்குப் பணமா, மாமா? அதிலாவது ஒரு நியாயம் இருந்தது, கேட்டவர்கள் கொடுத்தார்கள். இப்போது கேட்காத நானும் வரி வழியாகக் கொடுக்கிறேன். உலகத்துப் பாட்டெல்லாம் கைபேசியில் கிடைக்கும் காலத்தில், அரசாங்கம் பணம் போட்டு வானொலி நடத்துவது எதற்கு?” என்று கேட்டான்.

பக்கத்தில் கட்டிலில் அமர்ந்திருந்த என் அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் உடனே விடை சொல்ல வரவில்லை. நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளன். அரசாங்கச் செலவை அரசாங்க ஊழியன் ஆதரித்துப் பேசினால், அதைக் கேட்பவர் ஒரு புன்னகையோடு கேட்பது இயல்பே. ஆகையால், என் உத்தியோகத்தை மறந்து, வரி செலுத்தும் குடிமகன் என்ற முறையில் அக்கேள்வியைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். அவ்வாறு எண்ணியதையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் என் மருமகனின் கட்சியை எடுத்துக்கொள்வோம். விரும்புகிறவர் பணம் கொடுக்கட்டும், வியாபாரிகள் வானொலி நடத்தட்டும், அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும் என்பது அவன் கட்சி. இது புதிய யோசனை அன்று. இந்தியாவில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியபோது முதலில் செய்து பார்த்த பரீட்சை இதுவே. அதுவும் வேறெங்குமன்று, நாம் வாழும் இதே மாநகரில்.

1927 ஜூலை 23 அன்று, அந்நாளைய பம்பாயில், இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்தின் நிலையத்தை வைசிராய் இர்வின் பிரபு திறந்து வைத்தார். அடுத்த மாதம் கல்கத்தாவில் இரண்டாவது நிலையம். பம்பாய் நிலையத்தின் சக்தி ஒன்றரைக் கிலோவாட். ஏறத்தாழ முப்பது மைல் சுற்றளவுக்குள்தான் அதன் குரல் தெளிவாகக் கேட்கும். கம்பெனி திரட்ட எண்ணிய மூலதனம் 15 லட்சம் ரூபாய். கைக்கு வந்தது 6 லட்சம். வானொலி வைத்திருப்பவர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும். அதில் எட்டு ரூபாய் கம்பெனிக்குச் சேரும்.

கணக்குப் பார்க்கும் என் மருமகனுக்காக ஒரு கணக்கு. மூன்றாண்டுகள் ஆகியும் நாடு முழுவதிலும் உரிமம் பெற்றவர் சுமார் எண்ணாயிரம் பேர். எட்டு ரூபாய் வீதம் எண்ணாயிரம் பேரிடமிருந்து வருவது 64,000 ரூபாய். உரிமமின்றி ஓசையில்லாமல் கேட்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. அவர்களால் கம்பெனிக்கு ஒரு காசும் இல்லை. இரண்டு மாநகரங்களில் நிலையம் நடத்தி, பாடகர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஊதியம் கொடுக்க இத்தொகை எம்மட்டில் போதும்? 1930 மார்ச் மாதத்தில் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே 1927ஆம் ஆண்டின் முதல் நாளில்தான் இங்கிலாந்தில் பி.பி.சி. என்னும் கம்பெனி அரச சாசனத்தின்கீழ்ப் பொதுக் கழகமாக மாறியது. அப்போதே அங்கே உரிமம் பெற்றிருந்தவர் இருபது லட்சத்துக்கு மேல். செல்வமும் எழுத்தறிவும் மின்சாரமும் பரவிய நாட்டில் கேட்பவர் கட்டணமே நிலையத்தைத் தாங்கிற்று. இங்கே வானொலி வாங்கவல்லவர் சிலர். வானொலி தேவைப்பட்டவரோ பலர். இந்த இடைவெளியை எந்த வியாபாரியும் தன் கைப்பொருளைக் கொண்டு நிரப்பமாட்டார். நிரப்பவேண்டும் என்று அவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் முறையன்று.

கம்பெனி மூடிய பின் நடந்ததையும் சொல்லவேண்டும். 1930 ஏப்ரல் முதல் அரசாங்கமே அந்நிலையங்களை ஏற்று நடத்தியது. 1931 அக்டோபரில், செலவுச் சிக்கனம் கருதி, ஒலிபரப்பை அறவே நிறுத்திவிடுவதென்று அதே அரசாங்கம் முடிவு செய்தது. பொதுமக்களிடமிருந்தும் வானொலி வணிகரிடமிருந்தும் எதிர்ப்புக் கிளம்பவே அடுத்த மாதமே அம்முடிவு கைவிடப்பட்டது. வானொலிப் பெட்டிகளின் இறக்குமதி வரியைக் கூட்டி வருவாய்க்கு வழி தேடினார்கள். 1932இல் ஒலிபரப்பு நிரந்தரமான அரசுப் பணியாயிற்று. 1936 ஜூனில் அதற்கு அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. மூடிவிட்டோம் என்று சொன்ன அந்தச் சில வாரங்கள் நீண்டிருந்தால், பின்னர் நாம் அறிந்த வானொலி இருந்திராது.

சென்னையின் கதையும் இதைப் போன்றதே. 1924இல் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பினார்கள். ஆர்வம் மிகுதி, பணம் குறைவு. 1927இல் அது நின்றது. அவர்களுடைய ஒலிபரப்புக் கருவியைப் பெற்றுக்கொண்டு, 1930 ஏப்ரல் முதல் நாள்தோறும் ஒலிபரப்பியது யார் தெரியுமா? சென்னை மாநகராட்சி! வீதிவிளக்கு ஏற்றி, குடிநீர் தரும் அதே மாநகராட்சி, மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுக் கேட்கச் செய்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றும்வரை அந்தப் பணி நடைபெற்றது. வீட்டில் பெட்டி இல்லாதவனும் கடற்கரை மணலில் அமர்ந்து இசை கேட்டான். விளக்கும் நீரும்போல் இதுவும் ஊர்ப் பொதுவுக்கானது என்று அந்நகரத்தார் எண்ணியிருக்கவேண்டும். நாம் இன்று வாதாடித் தேடும் கொள்கையை அவர்கள் பேசாமல் செய்து காட்டிவிட்டார்கள்.

“அந்நாளில் விளம்பரம் இல்லை, இன்று இருக்கிறதே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1957 அக்டோபர் 3 அன்று தொடங்கிய விவித பாரதியில், 1967 நவம்பர் முதல் தேதியிலிருந்து பம்பாய், புனா, நாகபுரி நிலையங்கள் வழியே விளம்பரங்கள் வரத் தொடங்கின. அதனால் வருவாய் வந்தது. 2001 முதல் தனியார் எஃப்.எம். நிலையங்களும் நாட்டில் வளர்ந்துள்ளன. அவை பலருக்கு மகிழ்ச்சி தருகின்றன. அவற்றை நான் குறைகூறவில்லை. ஆயினும் விளம்பரதாரர் விலை கொடுப்பது நிகழ்ச்சிக்கன்று. நிகழ்ச்சியைக் கேட்கும் காதுகளுக்கு. அந்தக் காதுக்குரியவர் பொருள் வாங்கவல்லவரா என்பதே அவர் பார்க்கும் கணக்கு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. விளம்பரதாரரின் உப்பைத் தின்னும் நிலையம் அவரை நினைக்கத்தான் செய்யும்.

அப்படியானால், எவருடைய காதுக்குச் சந்தையில் விலை இல்லையோ, அவருக்காக யார் பேசுவது?

நம்மையே எடுத்துக்கொள்வோம். மாஹிம், தாராவி, மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கிறோம். தோல் பதனிடவந்தவர், மட்பாண்டம் வனையும் குஜராத்தியருக்கு அடுத்த தெருவில் இட்லி விற்றவர், அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர் எனப் பல வகையினர். நமக்கு நம் எண்ணிக்கை பெரிதாகத் தோன்றும். ஆனால் கோடிகளை ஏலத்தில் கொடுத்து இம்மாநகரில் அலைவரிசை எடுத்த ஒருவர், அப்பணத்தை மீட்பதற்குத் தமிழில் நிகழ்ச்சி நடத்துவாரா? அவர்மேல் பிழை இல்லை. நாம் அவருக்குக் கட்டுபடியாகமாட்டோம். கல்கத்தாவில் உள்ள தமிழருக்கும், சென்னையில் உள்ள மராத்தியருக்கும், நம் மாஹிம் கழிமுகத்தருகே வலை உலர்த்தும் கோலி மக்களின் பேச்சுக்கும் இதே நிலைதான். பொது வானொலி 23 மொழிகளிலும் 179 வட்டார வழக்குகளிலும் ஒலிபரப்புகிறது. அவ்வழக்குகளில் பலவற்றைப் பேசுவோர் ஒரு சோப்புக்கட்டி விளம்பரத்துக்கும் ஈடாகமாட்டார். ஆயினும் அவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள்.

என் சிறுவயதில் இரவு உணவு முடிந்ததும் தந்தையார் பெட்டியின் முள்ளை மயிரிழையாய்த் திருப்புவார். மத்திய அலை பகலில் தரையை ஒட்டிச் சென்று தேய்ந்துவிடும். இரவிலோ வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு வந்து சேரும். அவ்வாறு திருச்சியோ சென்னையோ சில இரவுகளில் இரைச்சலுக்கிடையே மங்கலாகக் கேட்கும். காவேரியில் நீர் திறந்தார்கள் என்ற செய்தி கேட்டால் என் அன்னையாரின் முகம் மலரும். அவர் பிறந்தது ஆடுதுறைக்கருகே ஒரு கிராமம். டில்லியிலிருந்து தமிழில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரல் எங்கள் வீட்டில் ஓர் உறவினர் குரலைப் போன்றது. அவ்வம்மையார் 2022 ஆகஸ்டில் இதே மும்பையில் காலமானார் என்று அறிந்தபோது, நேரில் ஒருநாளும் காணாத ஒருவருக்காக என் அன்னையார் கண் கலங்கியதைக் கண்டேன். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளில் சிலர் தமிழை எழுத்தில் கற்கவில்லை. ஆனால் செவிவழியாகச் செம்மையான தமிழைக் கற்றோம். அந்தப் பள்ளிக்குக் கட்டணம் ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய்.

இதைக் கேட்டு, “நீங்கள் பழைய ஏக்கத்தைச் சொல்கிறீர்கள், பயனைச் சொல்லுங்கள்” என்றான் என் மருமகன். பயனும் சொல்லுவோம்.

அவன் வசிக்கும் செம்பூருக்கு அருகில், தேவனாரில், டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. 1956இல் யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி புனா நிலையத்திலிருந்து ஒரு பரீட்சை நடத்திற்று. ஐந்து மாவட்டங்களின் கிராமங்களில் வேளாண் வானொலி மன்றங்கள் அமைத்து, பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை வாரத்துக்கு இரண்டாக இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பினார்கள். உழவர்கள் கூடிக் கேட்டார்கள்; கேட்டபின் கூடிப் பேசினார்கள்; ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதன் விளைவை ஆராய்ந்தது அந்தத் தேவனார்க் கழகம். மன்றம் அமைந்த கிராமங்களில் உழவரின் அறிவு, மன்றம் இல்லாத கிராமங்களைக் காட்டிலும் நன்கு வளர்ந்திருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டு, விவாதித்துக் கற்றார்கள்.

நம் தஞ்சைத் தரணியில் நடந்ததும் பலர் அறிந்ததே. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணை தந்த ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொல்லிவந்தது. நாற்றங்கால் எப்படி, உரம் எவ்வளவு, பூச்சிக்கு என்ன மருந்து என்று பாமரருக்கும் புரியும் தமிழில் சொன்னார்கள். உழவர் அந்த நெல்லின் அரசாங்கப் பெயரை விட்டுவிட்டு ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஒரு பயிருக்கு வானொலியின் பெயரையே சூட்டும் அளவுக்கு நம்பிக்கை பிறந்தது. உரம் விற்பவரே அந்நிகழ்ச்சியை நடத்தியிருந்தால், எவ்வளவு உரம் போடவேண்டும் என்ற கேள்விக்கு அதே விடை வந்திருக்குமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு பயன் ஆபத்துக் காலத்தில் தெரிவது. 2005 ஜூலை 26. இம்மாநகரத்தார் மறக்க இயலாத நாள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மாஹிம் கழிமுகத்தில் கடலைச் சேரும் மித்தி ஆறு கரைபுரண்டது. ரயில்கள் நின்றன, தொலைபேசிகள் பலவற்றுக்கு உயிரில்லை. நான் அலுவலகத்திலிருந்து பிறருடன் கைகோத்து, இடுப்பளவு நீரில் தடவித் தடவி, நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தேன். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் முன்பின் அறியாத பலர் ஒதுங்கியிருந்தார்கள். வடக்கே செல்லவேண்டியவர்கள், மேலே போக வழியின்றி நின்றவர்கள். அவர்கள் நடுவே என் தந்தையார் தம் பழைய டிரான்சிஸ்டர் பெட்டியுடன் அமர்ந்திருந்தார். சுவர்க்கடிகாரத்தின் மின்கலத்தையும் கழற்றி அதில் போட்டிருந்தார். செய்தி வரும் நேரம் எல்லோரும் மூச்சடக்கிக் கேட்டார்கள். அவர்களில் ஒருவரும் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்கவில்லை. ஊர் எந்நிலையில் இருக்கிறது, மழை இன்னும் வருமா என்ற இரண்டே கேள்விகள்தாம் அங்கே இருந்தன.

இதில் ஒரு சட்ட நுட்பமும் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை; ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. இந்த விதி சரியா என்பது வேறு வழக்கு. விதி உள்ளவரையில், வானொலி வழியே செய்தி வேண்டுமாயின் பொது வானொலியை விட்டால் வேறு வாயில் இல்லை. மீனவருக்குக் கடல் எச்சரிக்கை சொல்லுவதும் அதுவே. தாகம் எடுத்தபின் கிணறு வெட்ட முடியாது. வெள்ளம் வந்தபின் நிலையம் கட்டி, பொறியாளரைப் பழக்கி, செய்தியாளரைத் தேட இயலுமா? மழை இல்லாத மாதங்களிலும் கிணற்றைத் தூர்வாரி வைப்பதற்கே செலவு.

அச்செலவு எவ்வளவு? 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை, ஆகாசவாணி, தூர்தர்ஷன் ஆகிய இரண்டின் நிலையங்களையும் கருவிகளையும் புதுப்பிக்க 2,539 கோடியே 61 லட்சம் ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025-26ஆம் ஆண்டுவரைக்குமான தொகை அது. நூற்றுநாற்பது கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்குப் பதினெட்டு ரூபாய் சொச்சம். ஊழியர் ஊதியத்துக்கு ஆண்டுதோறும் தனியே மானியம் உண்டு. அதைச் சேர்த்தால் தொகை கூடும். அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் என் தந்தையார் தனியொருவராக ஆண்டுக்குக் கட்டிய பதினைந்து ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரூபாயின் மதிப்பு அன்றைக்கும் இன்றைக்கும் என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1980களின் நடுவில் அரசாங்கம் வானொலி உரிமத்தை நீக்கியபோது வானொலி இலவசமாகிவிட்டதென்று நாம் மகிழ்ந்தோம். அது இலவசமாகவில்லை, கட்டணம் கட்டும் இடந்தான் மாறிற்று.

மானியத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு தொலைவான செய்தியைச் சொல்கிறேன். செல்வத்தில் தலைசிறந்த அமெரிக்காவிலும் 1967இல் சட்டமியற்றிப் பொது ஒலிபரப்புக்கென ஒரு கழகம் அமைத்தார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் அக்கழகத்துக்கென ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதத் தொடக்கத்தில் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பெருநகர நிலையங்களுக்கு நன்கொடையாளர் உண்டு. மானியத்தையே பெரிதும் நம்பியிருந்த சிற்றூர் நிலையங்களுக்குத்தான் பெருங்கவலை. நமக்கு நெருங்கிய செய்தியும் ஒன்றுண்டு. 1941 முதல் இலண்டனிலிருந்து ஒலித்த பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. போர்க்காலத்தில் இலங்கைத் தமிழரும், அயல்நாட்டுத் தமிழரும் காது கொடுத்து நின்ற அந்தக் குரலுக்கு மாற்றாக எந்த வணிக நிலையமும் வந்து நிற்கவில்லை. நின்ற குரல் எளிதில் மீள்வதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். அதுவே கடினமான கேள்வி. “சரி, மாமா. விளம்பரதாரரின் உப்பைத் தின்றால் அவரை நினைக்கும் என்கிறீர்கள். அரசாங்கத்தின் உப்பைத் தின்றால் அரசாங்கத்தைத்தானே நினைக்கும்?”

இதற்கு மழுப்பலான விடை சொல்லுதல் தகாது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை நிலவிய காலத்தில், அரசு வானொலி ஆட்சியாளரின் குரலாகவே ஒலித்தது என்பது வரலாறு. அந்த அபாயத்தை முன்பே உணர்ந்தவர் உண்டு. 1966இல் சந்தா குழு, வானொலியைத் தனிக் கழகமாக்கவேண்டும் என்றது. 1978இல் வர்கீஸ் குழு, ‘ஆகாச பாரதி’ என்ற தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்றது. 1990இல் பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறிற்று. அது நடைமுறைக்கு வந்ததோ 1997இல். இடையில் 1995இல், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து, அவை எந்த ஒருவரின் ஏகபோகமும் அல்ல, அரசாங்கத்தின் ஏகபோகமும் அல்ல என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதை சரியானது, நாம் அதில் இன்னும் வெகுதூரம் நடக்கவேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உப்பு எவருடையது? எந்த அமைச்சரும் தம் வீட்டு உப்பைப் போடவில்லை. அது மாஹிம் தமிழனும், கோலி மீனவனும், தஞ்சை உழவனும் போட்ட உப்பு. வானொலி நினைக்கவேண்டியது இவர்களை. அது தடம் மாறினால், உப்பை நிறுத்துவது மருந்தாகாது. உப்பிட்டவர் இன்னார் என்று நினைவூட்டுவதே மருந்து. பாராளுமன்றம் தொகையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதி செய்யவேண்டும். செலவுக் கணக்கைக் கண்டிப்பாகக் கேட்கவேண்டும். செய்தி எழுதுபவர் மேசைக்கு மட்டும் எவர் கையும் நீளக்கூடாது. கட்டும் கையும் எழுதும் கையும் வேறாக நிற்பதே தன்னாட்சி.

நான் மொழிபெயர்ப்பாளன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. அரசாங்கம் இவ்வாறு கொடுக்கும் தொகையை நாங்கள் தமிழில் ‘மானியம்’ என்று எழுதுகிறோம். இன்று அச்சொல்லைக் கேட்டால், நட்டத்தில் ஓடும் ஒன்றுக்கு இரக்கப்பட்டுப் போடும் பிச்சை என்ற எண்ணம் பலர் மனத்தில் எழுகிறது. பழைய வழக்கு அதுவன்று. ஏரி மடையைத் திறந்து மூடுபவர், ஊர்க்காவல் புரிபவர், கோயிலில் நாகசுரம் வாசிப்பவர், இப்படி ஊர்ப் பொதுவுக்குப் பணி செய்பவருக்கு ஊர் விட்டுக்கொடுத்த நிலமே மானியம். அந்த ஏற்பாட்டில் பிறப்பால் தொழிலைக் கட்டிவைத்த தீங்கும் இருந்தது. அது ஒழிந்தது நன்றே. ஆனால் அச்சொல்லின் உட்பொருள் நல்லது. எல்லோருக்கும் வேண்டியதாய், தனியொருவர் விலைகொடுத்து வாங்க இயலாததாய் உள்ள பணிக்கு, எல்லோரும் சேர்ந்து இடும் படி அது.

இதை நான் சற்றுப் பெருமிதத்தோடு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அதுவரை பேசாதிருந்த என் அன்னையார் வாய் திறந்தார். அவருக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. செய்தித்தாள் இல்லை, தொலைக்காட்சி இல்லை. நாள் முழுதும் காதே துணை. என் மருமகன்தான் தன் கைபேசியில் ஆகாசவாணியின் செயலியை இறக்கி, தமிழ் நிலையங்களைக் கேட்க அவருக்கு வழி செய்து கொடுத்திருந்தான். இரவையும் வான் மேலடுக்கையும் எதிர்பார்த்து முள்ளைத் திருப்பவேண்டிய காலம் போய், நண்பகலிலும் தமிழ்நாட்டுக் குரல் மாஹிம் வீட்டில் தெளிவாகக் கேட்கிறது.

அன்னையார் கேட்டார்: “அதெல்லாம் சரி. போன வாரம் போட்ட நாடகத்தையே இந்த வாரமும் போட்டார்கள். பாதிக் கச்சேரியில் அறுத்துவிட்டு அறிவிப்புப் படித்தார்கள். மானியம் வாங்கினவன் மடை திறக்க வேண்டாமா?”

என் மருமகன் கைகொட்டிச் சிரித்தான். தன் கட்சிக்குப் பாட்டி சேர்ந்துவிட்டார் என்று அவன் நினைத்தான். அன்னையார் அவனைப் பார்த்து, “சிரிக்காதே. மடை திறக்காதவனைத் திறக்கச் சொல்லவேண்டும். ஏரியைத் தூர்த்துவிடு என்று நான் சொல்லவில்லை” என்றார்.

அவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்ல இயன்றிருந்தால் இவ்வளவு நேரம் உங்களை நான் நிறுத்தி வைத்திருக்கமாட்டேன். பொது வானொலிக்கு நாம் பணம் தருவது நியாயம். தந்தபின் பழுதைப் பார்த்தும் பேசாதிருப்பது நியாயமன்று. மறுபடியும் மறுபடியும் வரும் பழைய நாடகம், உயிரில்லாத வாசிப்பு, ஆட்சியாளர் புகழ் நீளும் செய்தி, நிரப்பப்படாமல் கிடக்கும் இடங்கள், இவை யாவும் மடை திறவாக் குற்றங்கள். இவற்றைக் கண்டால் நாம் எழுதவேண்டும். முன்னாளில் நேயர்கள் அஞ்சலட்டை எழுதிக் குவித்தார்கள். நல்ல நிகழ்ச்சிக்குப் பாராட்டும், தவறான உச்சரிப்புக்குக் கண்டனமும் தப்பாமல் போய்ச் சேரும். நாம் தொலைவில் இருக்கிறோம், நம் கடிதம் யாருக்கு வேண்டும் என்று எண்ணிவிடவேண்டாம். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நாமே இந்த மடைக்குக் கடைசி வயல்காரர். தலைமடையில் உள்ளவனுக்கு நீர் எப்படியும் கிடைத்துவிடும். கடைமடைக்காரன் குரல் கொடுத்தால்தான் நீர் கடைசிவரை வந்து சேரும்.

அந்த உரிமப் புத்தகத்தை என் மருமகன் செம்பூருக்கு எடுத்துச் சென்றுவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை புறப்படும்போது, கைபேசியைப் பாட்டியின் காதருகே சரியாக வைத்து, ஒலியைச் சற்றே கூட்டிவிட்டுப் போனான். செய்தி தொடங்கும் வேளை அது.